முட்டுச் சந்தும் ஊரின் விரிவும்

ஓர் ஊரின் தெருக்கள் எந்த அளவுக்கு இணைந்திருக்கின்றன என்பதை அதன் சந்திப்புகள் காட்டிவிடும். நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச் சந்தின் முனைக்கு ஒன்று என மதிப்பெண் போட்டுச் சராசரி காண்பது நகர ஆய்வாளர்களின் எளிய முறை. சராசரி உயர்ந்தால் போக்குவரத்துக்குப் பல வழிகள் உண்டு. தாழ்ந்தால் எல்லா வண்டிகளும் ஒரே பெருஞ்சாலையில் வந்து குவியும்.

தெரு இணைப்பு காலப்போக்கில் மாறுவதைத் தெளிவாகக் காட்டும் நாடு அமெரிக்கா. பிலடெல்பியாவுக்கு 1682-லும் மன்ஹாட்டனுக்கு 1811-லும் கட்டம் கட்டமாகத் தெருக்கள் வகுக்கப்பட்டன. மக்கள் நடந்தே வேலைக்கும் கடைக்கும் போன காலம் அது. கார் பெருகியதும், வாசலில் வண்டி விரையாத தெருவே நல்ல தெரு என்ற எண்ணம் வந்தது. 1929-இல் நியூஜெர்சியின் ராட்பர்னில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் முட்டுத் தெருக்களை ஒட்டி வீடுகளை அமைத்தார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பாதைகளையும் பூங்காவையும் கூடவே வைத்தார்கள். பின்னால் வந்த மனைப்பிரிவுகள் பெரும்பாலும் முட்டுத் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையைக் கைவிட்டன. கேடு விளைந்தது அங்கேதான். வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் 1930-களில் கட்ட அமைப்பு வேண்டாம் என்று அறிவுறுத்த, அந்த வடிவம் நாடெங்கும் பரவியது. கொல்லை வேலியைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீட்டார் ஒருவரையொருவர் பார்க்கக் கார் எடுக்க வேண்டிய நிலை வந்தது. பேருந்துக்கும் நேர்வழி இல்லாமல் போனது.

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தெரு இணைப்பு சரிந்தது. 1990-களின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு தேறத் தொடங்கியது. 2020-இல் அவர்களே உலகம் முழுவதையும் ஆராய்ந்தபோது, தென்கிழக்கு ஆசியாவில் மதில் சூழ்ந்த குடியிருப்புகளால் இணைப்பு குறைந்துவருவதும், பொலிவியா, அர்ஜென்டினா, பெரு நாடுகளில் கட்ட அமைப்பு நிலைத்திருப்பதும் தெரிந்தன.

கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது அரிது. 1906-இல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோகூடப் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே மீண்டும் எழுந்தது. ஆகவே, புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே பக்கத்து நிலத்தோடு தெருவை இணைக்கச் சொல்ல வேண்டும். வர்ஜீனியா மாநிலம் 2009-இல் அப்படி விதி செய்தது. ஏற்கெனவே அடைபட்ட இடங்களிலும், சந்தின் முனையிலிருந்து அடுத்த தெருவுக்கு நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஒரு பாதை திறந்துவிடலாம். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இத்தகைய பாதைகள் பல தெருக்களை இணைக்கின்றன.