சித்திரக்கதைக்கு ஓவியர் தேடுகிறீர்களா?



லண்டனில் தமிழ்ப் பாடசாலை முடிந்ததும் மைதானத்துக்கு ஓடும் எங்கள் பிள்ளைகளை வைத்து ஓர் உதைபந்தாட்டச் சித்திரக்கதை எழுதினேன். எனக்குக் கீறத் தெரியாது. நண்பர் ஒருவரின் மகள் கீறித் தர ஒப்புக்கொண்டார். "எங்கடை பிள்ளைதானே" என்று காசு, காலம், உரிமை எதைப் பற்றியும் நான் கதைக்கவில்லை. நாலு பக்கம் முடிந்தபோது அவருக்குப் பரீட்சை வந்தது. நான் அவசரப்படுத்தினேன். வேலையும் நின்றது, இரண்டு வீட்டுக்கும் இடையில் மனக்கசப்பும் வந்தது. பிழை என்னுடையது. அதில் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒருவர் எழுத இன்னொருவர் கீறுவது பழைய வழக்கம். பிரித்தானியாவின் புகழ்பெற்ற உதைபந்தாட்டச் சித்திரக்கதையான 'ரோய் ஒவ் த ரோவர்ஸ்' 1954 செப்ரெம்பரில் 'ரைகர்' வார இதழில் தொடங்கியது. பிராங்க் பெப்பர் எழுதினார், ஜோ கொல்கூன் கீறினார். யப்பானில் 1981 இல் தொடங்கிய 'கப்டன் சுபாசா'வை யொய்ச்சி தக்காகாஷி தானே எழுதித் தானே கீறினார். அந்தத் திறமை இல்லாத எங்களுக்குத் துணை வேண்டும்.

ஓவியக் கல்லூரிகளின் ஆண்டிறுதிக் கண்காட்சிகளில் தேடலாம். 2007 இல் லீட்சில் தொடங்கிய 'தோட் பபிள்' போன்ற சித்திரக்கதை விழாக்களில் ஓவியர்கள் மேசை போட்டு இருப்பார்கள், நேரிலேயே கதைக்கலாம். போகும்போது கதைச்சுருக்கத்தோடு, கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிய இரண்டு பக்கமாவது கையில் இருக்கட்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு செயல் போதும். "பந்தை வாங்கி, இருவரை வெட்டி, கோல் அடித்தான்" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் யாராலும் கீற முடியாது.

முகத்தை அழகாகக் கீறுபவர் ஓட்டத்தையும் நன்றாகக் கீறுவார் என்றில்லை. ஆகவே முதலில் ஒரு பக்கத்தை மட்டும் காசு கொடுத்துக் கீறுவியுங்கள். பந்தை உதைக்கும் கால், பாயும் கோல் காப்பாளர், மூன்று பக்கத்திலிருந்து ஒரே பெடியனின் முகம் ஆகிய மூன்றும் அதில் வரட்டும்.

இளம் ஓவியருக்குத் தமிழ் வாசிக்க வராமல் இருக்கலாம். எங்கள் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு விடும் பேச்சுக் குமிழுக்குள் அவை அடங்காது. வசனத்தை முதலே எழுதிக் கொடுத்து, அதற்கு இடம் விட்டுப் படத்தைக் கீறச் சொல்லுங்கள்.

கடைசியாக உரிமை. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியாக வேலை செய்யும் ஓவியரின் படங்களுக்குப் பதிப்புரிமை அவருக்கே உரியது. காசு கொடுத்ததால் மட்டும் அது எங்களுக்கு வராது. உரிமையை மாற்றுவதென்றால் அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். பக்கத்துக்கு எவ்வளவு, எப்போது முடியும், இடையில் நின்றால் என்ன செய்வது, புத்தகம் விற்றால் யாருக்கு எவ்வளவு என்பவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்பது அவமரியாதை என்று நினைக்கவேண்டாம். உறவைக் காப்பாற்றுவதே அந்தத் தாள்தான்.

போன மாதம் அந்த நண்பர் வீட்டுக்குப் போனேன். நாலு பக்கத்துக்குமான காசைக் கொடுத்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "படங்கள் உங்களுடையவை" என்றும் சொன்னேன். தேத்தண்ணி வந்தது. ஐந்தாம் பக்கம் பற்றி நான் வாய் திறக்கவில்லை.