மாணவர் நடத்தும் ஆய்வுக் கழகம்



நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் வகுப்பறைச் சுவரில் பழைய நிலப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிலே சீனக் கடற்கரைக்குக் கிழக்கே, சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போன்ற வடிவில் ஒரு தீவு. அதன்மேல் 'பார்மோசா' என்று எழுதியிருந்தது. அழகிய தீவு என்னும் பொருளில் போர்ச்சுகீசியர் இட்ட பெயர் அது என்று ஆசிரியர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் நானே ஆசிரியனாகி, தலைமையாசிரியனாகி, ஓய்வும் பெற்றேன். அத்தனை ஆண்டுகளிலும் என் மாணவர்க்கு அத்தீவைப் பற்றி நான் சொன்னதும் அவ்வளவுதான்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் ஆராய்ச்சி செய்கிறார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவர் தைவான் நாட்டு மாணவர். வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டத்திற்கு உழைப்பவர். 'ஐயா, இவர் தம் ஆராய்ச்சியைக் காட்டிலும் பிறருடைய ஆராய்ச்சிக்கே அதிகமாக இரவு கண்விழிக்கிறார்' என்று எழுதியிருந்தார் என் மாணவர். காரணம் கேட்டு எழுதினேன். அவ்வாறு நான் அறிந்ததுதான் வட அமெரிக்கத் தைவான் ஆய்வுக் கழகம்.

இக்கழகம் 1994-ஆம் ஆண்டில் தோன்றியது. இதன் முதல் மாநாடு 1995-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. அன்றுமுதல் ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழகத்தில் கூடித் தைவானின் வரலாறு, மொழி, இலக்கியம், அரசியல், சமூகம் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரை வாசித்து விவாதிக்கிறார்கள். கல்விக் கழகங்கள் உலகில் எத்தனையோ உள. பேராசிரியர்கள் தலைமை தாங்குவர்; மாணவர்கள் நாற்காலி எடுத்துப் போடுவர். இங்கோ தலைவரும் மாணவர், செயலாளரும் மாணவர், கணக்கு எழுதுபவரும் மாணவர். பேராசிரியர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டு வந்து, கட்டுரைகளைக் கேட்டுக் கருத்துரைக்கிறார்கள்.

ஏன் இவ்வாறு அமைந்தது? இதற்கு விடை காண அத்தீவின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

தைவான் ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. பசிபிக் பெருங்கடல் தீவுகளில் வழங்கும் மொழிகளுக்கு உறவான மொழிகளைப் பேசும் தொல்குடியினர் அதன் ஆதி மக்கள். 1624-இல் டச்சுக்காரர் தெற்கே கோட்டை கட்டினர். பின்னர்ச் சீனத் தளபதி ஒருவரின் குடும்ப ஆட்சி; 1683 முதல் சிங் பேரரசின் ஆட்சி; 1895 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சீனத் தேசியக் கட்சி அரசு வந்தது. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளையொட்டி எழுந்த மக்கள் கிளர்ச்சியை அது படை கொண்டு அடக்கியது, மாண்டவர் பல்லாயிரவர். 1949 மே மாதத்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது நீக்கப்பட்டது 1987 ஜூலையில். முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, மணம் செய்து, தன் குழந்தையையும் பள்ளிக்கு அனுப்பிவிடக்கூடிய காலம் அது.

அக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பது என்போன்றவர் மனத்தைத் தைக்கும் செய்தி. பாடநூல்கள் சீனப் பெருநிலத்தின் ஆறுகளையும் மலைகளையும் இருப்புப் பாதைகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும்படி வைத்தன. யாங்சி நதியின் நீளத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் ஊர் ஆற்றைப் பற்றிப் பாடம் இல்லை. வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் பேசினால் தண்டம் கட்டவேண்டும். அல்லது கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அடுத்துத் தவறு செய்யும் பிள்ளை அகப்படும்வரை அந்த அட்டை கழுத்தைவிட்டு இறங்காது. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்கு ஒற்றனாக்கும் ஏற்பாடு இது. இதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு முழுவதும் உண்டோ என்று ஐயுறுகிறேன். நானும் இளமையில், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசிய பிள்ளைகளிடம் ஐந்து பைசா வசூலித்தவன்தான்.

இனி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தைவானைப் பற்றி யார் ஆராய்ந்தனர் என்று பார்ப்போம். ஆராய்ந்தனர், ஆனால் வேறொரு நாட்டைக் காண்பதற்காக ஆராய்ந்தனர். 1950 முதல் 1970-கள் வரை அமெரிக்க அறிஞர் சீனப் பெருநிலத்தில் காலடி வைக்க இயலவில்லை. ஆகவே சீனக் கிராமத்தை அறிய விரும்பிய மானிடவியலார் தைவான் கிராமத்தில் சென்று தங்கினர். அங்கே கண்ட திருமணத்தையும் பாகப்பிரிவினையையும் சீனத் திருமணம், சீனப் பாகப்பிரிவினை என்று எழுதினர். நல்ல நூல்கள் பல அவற்றுள் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், அம்மான் வீட்டுக்குப் போக வழியில்லாததால் அடுத்த வீட்டில் தங்கியவரின் மனநிலை அது. 1979 ஜனவரி முதல் நாள் அமெரிக்கா பீகிங் அரசை அங்கீகரித்தது. பெருநிலத்தின் கதவு திறந்தது. விருந்தினர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே புறப்பட்டுவிட்டனர். தைவானைத் தைவானாகவே ஆராயும் துறை ஒன்று அமெரிக்காவில் வேரூன்றியிருக்கவில்லை. குரு இல்லாத இடத்தில் சீடர்கள் தாமே கூடிப் பாடசாலை வைத்தனர் என்று இக்கழகத்தின் பிறப்பைச் சொல்லலாம்.

அப்படிக் கூடுவதும் அக்காலத்தில் எளிய செயலன்று. அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற தைவான் மாணவரிடையே, சக மாணவரைக் கண்காணித்துத் தாய்நாட்டுக்குச் செய்தி அனுப்புவோரும் இருந்தனர். கூட்டத்தில் பேசியவரின் பெயர் பட்டியலில் ஏறினால் அவர் ஊர் திரும்ப முடியாமற் போகும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையில் உதவிப் பேராசிரியராயிருந்தவர் சென் வென்-செங். 31 வயதினர். 1981-இல் விடுமுறைக்குத் தைவான் சென்றார். ஜூலை 2-ஆம் நாள் பாதுகாப்புப் படைத் தலைமையகத்தார் அவரை அழைத்துச்சென்று, அமெரிக்காவில் அவர் நடந்துகொண்டதைப் பற்றி விசாரித்தனர். மறுநாட் காலையில் தைவான் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் அருகே அவருடைய உடல் கிடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்திலும் அவ்வாண்டே இதுபற்றி விசாரணை நடந்தது.

இராணுவச் சட்டம் போனபின்னும் அச்சம் உடனே போய்விடவில்லை. 1991 மே மாதத்தில், சிங் ஹுவா பல்கலைக்கழக விடுதியிலே புலனாய்வு அதிகாரிகள் நுழைந்து, வரலாற்றுத் துறை ஆராய்ச்சி மாணவர் ஒருவரைக் கைது செய்தனர். தைவானின் நானூறு ஆண்டு வரலாற்றைப் பற்றிச் சூ பெங் என்பவர் எழுதி, 1962-இல் ஜப்பானில் வெளியிட்ட நூல் ஒன்று உண்டு. அந்நூலாசிரியரோடு அம்மாணவர் தொடர்பு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மாணவரும் ஆசிரியரும் தெருவில் இறங்கினர். தேசத்துரோகத்தைத் தண்டிக்கும் பழைய சட்டம் அதே மாதத்தில் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நம் கழகம் தோன்றுகிறது. அதில் பெயர் கொடுத்தவர்கள் இவற்றையெல்லாம் மறந்திருக்க முடியுமா?

காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1968-இல் டாக்டர் பட்டம் பெற்ற லீ டெங்-ஹுய் அப்போது தைவானின் குடியரசுத் தலைவர். 1995-இல் அவர் தம் பழைய பல்கலைக்கழகத்திற்கு வந்து பேசினார். சீனா சினந்து கடலில் ஏவுகணைகளைச் செலுத்தியது. 1996 மார்ச்சில் தைவான் மக்கள் முதன்முறையாகத் தம் தலைவரை நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1997-இல் 'தைவானை அறிவோம்' என்னும் பாடநூல் நடுநிலைப் பள்ளிகளுக்கு வந்தது. பாடநூல் வருவதற்கு முன்பே ஆராய்ச்சி மாநாடு கூடிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

கல்லூரியில் படிப்போர் ஒரு மாநாடு எவ்வாறு உருவாகிறது என்று அறிந்துகொள்வது நல்லது. முதலில் அவ்வாண்டுக்குரிய பொருளை வகுத்து அறிவிப்பர். கட்டுரை வாசிக்க விரும்புவோர் ஒரு பக்க அளவில் சுருக்கம் அனுப்புவர். பெயரை மறைத்துவிட்டு அச்சுருக்கங்களைப் படித்து மதிப்பிடவேண்டும். என் மாணவரின் நண்பர் இரவு கண்விழித்தது இதற்காகத்தான். தேர்ந்தவற்றை மூன்று நான்காகத் தொகுத்து ஓர் அமர்வாக்குவர். அரசியல் கட்டுரையும் பாட்டு ஆராய்ச்சியும் ஒரே அமர்வில் விழுந்தால் இருவருக்கும் பயனில்லை. ஆகவே இத்தொகுப்பு வேலை திருமணப் பந்தியில் இடம் ஒதுக்குவதைப் போல நுட்பமானது. அமர்வுக்கு ஒரு தலைவர்; கட்டுரைகளை முன்னரே படித்து வந்து குறை நிறை சொல்ல ஒரு கருத்துரையாளர். பேசுவோர்க்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடம். இதற்கிடையே மண்டபம், தங்குமிடம், உணவு, வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு அழைப்புக் கடிதம் என்று வேலை பெருகும்.

பணம் எங்கிருந்து வரும்? பல்கலைக்கழகத் துறைகளிடமும், அமெரிக்காவில் குடியேறிய தைவான் மக்களிடமும், அறநிலையங்களிடமும் கேட்கவேண்டியதுதான். வெளிநாடுகளில் தைவான் ஆய்வுக்குப் பொருளுதவி செய்யும் நிறுவனங்களுள் ஒன்று 1989-இல் ஏற்பட்ட சியாங் சிங்-குவோ அறநிலையம். இராணுவச் சட்ட ஆட்சியின் இறுதிக் காலத் தலைவரும், அச்சட்டத்தை நீக்கியவருமான ஒருவரின் பெயரைத் தாங்கியது அது. இந்த முரண்பாட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். எழுதியவர்க்கு அவ்வறநிலையம் பயணப்படி கொடுக்குமோ என்னவோ!

எனக்கு எல்லாவற்றினும் வியப்பளித்தது வேறு. மாணவர் கழகத்தின் ஆயுள் குறுகியது. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இலக்கிய மன்றம் இருந்தது. ஆண்டுதோறும் புதிய செயலாளர். பன்னிரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் அடங்கிய ஏடு ஒன்றை ஒரு கோடை விடுமுறையில் யாரோ பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டனர். அடுத்த ஆண்டுச் செயலாளர், மன்றம் அவ்வாண்டுதான் தொடங்கியது என்றே எண்ணினார். தொடக்க விழாவும் நடத்திவிட்டார்! நானும் மாலை வாங்கிக்கொண்டேன். அந்தத் தைவான் மாணவர்களுக்கோ பட்டம் முடிந்தால் வேலை தேடி வேறு ஊருக்குப் போகவேண்டும். ஒவ்வோராண்டும் பொறுப்பாளர் மாறுகின்றனர். எனினும் கழகம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இழப்பும் இல்லாமல் இல்லை. மாநாட்டுக்குச் செலவிடும் மாதங்கள் ஆய்வேட்டிலிருந்து கழியும் மாதங்கள். தைவானை மட்டும் ஆராய்ந்தவர்க்கு வேலை தரும் துறைகள் மிகச் சில. 'சீனா' என்றோ 'கிழக்காசியா' என்றோ சேர்த்துக்கொண்டால்தான் விண்ணப்பம் வாசிக்கப்படும் என்று மூத்தோர் எச்சரிப்பதுண்டு. மாநாட்டிலே தைவான் ஆய்வு என்பது யாது, அது யாருக்கு என்னும் கேள்வி திரும்பத் திரும்ப எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று அரசு ஏற்றுள்ள தொல்குடிகள் பதினாறு. அவர்களின் குரல் எங்கே என்று கேட்போரும் உளர்.

இதற்குள் மூத்த அறிஞரும் அணிதிரண்டனர். ஜப்பானில் 1998-இலும் ஐரோப்பாவில் 2004-இலும் தைவான் ஆய்வுக் கழகங்கள் ஏற்பட்டன. தைபேயில் 2012-இல் முதல் உலகத் தைவான் ஆய்வு மாநாடு கூடியது. வட அமெரிக்கக் கழகத்தை மட்டும் இன்றும் மாணவர்களே நடத்துகிறார்கள்.

என் மாணவரின் நண்பர் இவ்வாண்டு பொறுப்பிலிருந்து விலகிவிட்டாராம். தமக்குப்பின் வருபவருக்காகக் கணக்கையும் கடிதங்களையும் ஒழுங்குபடுத்தி, எங்கே மண்டபம் மலிவு, யாரிடம் இருமுறை கேட்டால்தான் பதில் வரும் என்பதுவரை இருபது பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் இன்னும் எழுதப்படவில்லை.