எந்த லாரி தாமதம்?

போன மாதம் சிரம்பான் தெமியாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் படிவத்தில் படிக்கிறான்.

"மாமா, தீபாவளி அங்பாவ் காசு 200 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டா நம்ம கணினி வேகமா ஓடுமா?"

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக்கணினி அது. பாட வேலைக்காக அத்தான் மலிவாக வாங்கி வந்திருந்தார். விசையை அழுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தாலும் அது விழித்திருக்காது என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டார்.

"உன் தாத்தா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தானே? குலைகளை ஏற்றிவரும் லாரி பிந்தினால் என்ன ஆகும்னு அவரைக் கேட்டுட்டு வா" என்றேன். தாத்தா கூடத்தில் இருந்தபடியே பதில் சொன்னார்: "என்ன ஆகும்? ஆலை சும்மா கிடக்கும். குலை ரோட்டோரமா கிடந்து கெட்டுப்போகும்."

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறைந்துவிடும். லாரி பிந்துகிற தோட்டத்தில் ஆலையைப் பெரிதாக்கி என்ன பயன்? கணினியிலும் அதே கணக்குதான். செயலிதான் ஆலை. ரேம், குலைகளைக் கொட்டி வைக்கும் ஆலை முற்றம். வன்தட்டு, தொலைவில் இருக்கும் தோட்டமும் அங்கிருந்து குலைகளை ஏற்றிவரும் லாரியும். கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பக்கத்தில் இன்னோர் ஆலை கட்டுவது போல. முப்பரிமாண விளையாட்டுக்கும் காணொளி வேலைக்கும் அது வேண்டும். கணினி விழித்தெழ இவ்வளவு நேரம் ஆகிறதே, அந்தக் குறையை அது தீர்க்காது.

ஆகவே முதலில் அளந்தோம். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் கணினி விழிக்க 2 நிமிடம் 50 வினாடி ஆனது. பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினோம். எந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. செயலி 12 விழுக்காடுதான் வேலை செய்துகொண்டிருந்தது. ரேம் 8 ஜிபியில் 5 நிறைந்திருந்தது. வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. மருமகன் திரையில் விரலை வைத்துச் சொன்னான்: "மாமா, லாரி இதுதான்!"

வன்தட்டைக் குறை சொல்லும் முன் அதன் உழைப்பையும் பார்த்துவிடுவோம். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் ஒரு வட்டத் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அப்படியென்றால் வினாடிக்கு 120 சுற்று. தட்டின் விட்டம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சிரம்பானைக் கடந்து போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கே 110 கிலோமீட்டர்தான் வேக வரம்பு!

இவ்வளவு ஓடியும் ஏன் தாமதம்? தகவலைப் படிக்கும் முனை ஒரு கையின் நுனியில் இருக்கிறது. அந்தக் கை சரியான தடத்துக்கு நகர எட்டு ஒன்பது மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் சுற்றி வந்து முனையின் கீழே சேர சராசரியாக இன்னும் 4 மில்லி வினாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க ஏறக்குறைய 13 மில்லி வினாடி. இந்தக் கணக்கில் ஒரு வினாடியில் 80 இடங்களைக்கூடத் தொட முடியாது. கணினி விழிக்கும்போதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். பெட்டியில் காதை வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்கிறதே, அது அந்தக் கை அலையும் ஓசை.

வன்தட்டுக்குப் பதிலாக மாட்டக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் அலையும் கையும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. அது மிக நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்துத் தகவலைக் காக்கிறது. மின்சாரம் போனாலும் அவை அறையை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. இப்படித் தகவலைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. எந்த அறையில் இருந்தாலும் தகவல் ஏறத்தாழ 0.1 மில்லி வினாடியில் வந்துவிடும்.

பழைய தாய்ப்பலகையில் எஸ்.எஸ்.டி.யை மாட்டும் சாட்டா இணைப்பு ஒரு மெல்லிய மூங்கில் குழாய் போன்றது. வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பிக்கு மேல் அதில் பாயாது. புதிய என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி. அதைப் போலப் பல மடங்கு பாய்ச்சும். அதற்காக ஆசைப்பட்டுப் புதுத் தாய்ப்பலகை வாங்க வேண்டாம். நம் குறை பாய்ச்சலில் இல்லை, காத்திருப்பில்தான். சாட்டா எஸ்.எஸ்.டி.யே அந்தக் காத்திருப்பைப் போக்கிவிடும்.

ரேம் எப்போது வாங்கலாம்? வழக்கமான வேலை செய்யும்போதே முற்றம் நிரம்பி வழிந்தால் வாங்கலாம். ஆனால் டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது. அடிப்பக்கம் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். பழைய ரேம் துண்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் உலோகத்தைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எங்கள் பெட்டிக்குள் தூசி அப்பிக் கிடந்தது. செயலியின் மேல் தடவும் வெப்பப்பசையும் காய்ந்து உதிர்ந்திருந்தது. சூடு வெளியேறாவிட்டால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பசையைத் துடைத்தபோது உலோக மூடியில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. மலேசியாவில் பூட்டி முடித்த செயலி அது. இன்டெல் நிறுவனம் பினாங்கில் 1972இல் ஆலை தொடங்கியது. செயலியைச் சுற்றி இருக்கும் சின்னக் கறுப்புச் சதுரங்கள் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாக இறக்கித் தருகின்றன. அத்தகைய மின்திறன் சில்லுகளைச் செய்யும் ஆன்செமி நிறுவனத்தின் ஆலை, இதே சிரம்பானின் செனவாங்கில்தான் இருக்கிறது. மருமகன் அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. மிகப் பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் பெரிய பணத்தைப் போடாதீர்கள். எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளை சாட்டா இணைப்பு உள்ள வேறு கணினி வாங்கினால் அதே எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் மாட்டலாம்.

நாங்கள் வாங்கியது 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும் வெப்பப்பசை ஒரு குழலும்தான். பழைய வன்தட்டைப் படங்கள் சேமிக்க அப்படியே விட்டுவிட்டோம். அன்று மாலை கணினி 28 வினாடியில் விழித்தது. 200 வெள்ளியில் மீதியும் இருந்தது.

உங்கள் வீட்டுக் கணினியையும் மூன்று நாள் அளந்து பாருங்கள். விழிக்க எத்தனை வினாடி, செயலி எவ்வளவு, ரேம் எவ்வளவு, தட்டு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். கடைக்குப் போகும்போது மறக்காமல் அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.