காப்பகத்தில் அம்மையா? அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

காலையில் பாராசிட்டமால் சிரப் ஊற்றிவிட்டு, சூடு தணிந்ததும் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்கு ஓடும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மதியம் மருந்தின் வேகம் இறங்கிக் காய்ச்சல் திரும்புவதற்குள், அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கும். லீவு கிடைக்காத கஷ்டம் உண்மைதான். அதற்காகக் காய்ச்சலை ஒளித்து அனுப்புவதா?

காப்பகக்காரர்களோ, வெளியே தெரிந்தால் சேர்க்கை குறையும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அம்மை போட்ட வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் மூச்சு விடுவதில்லை. வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்கவில்லை, தகவலையும் சொல்லுங்கள்.

மணல்வாரி என்கிற தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தடிப்பு வந்த பிறகும் 4 நாள் பரவும். நோயுள்ள பிள்ளை வெளியேறிய பிறகும் அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி தங்கும். தடுப்பூசி போடாத பிள்ளைக்கு, தொற்றுக்கு ஆளான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு. நீங்கள் மறைப்பது அந்த 72 மணி நேரத்தைத்தான். ஊசி போடும் வயதான 9 மாதத்தை எட்டாத கைக்குழந்தைக்கு என்ன செய்வது என்று மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தால்தானே?

யாரிடம் சொல்வது? கிராமமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர் அல்லது கிராம சுகாதார செவிலியர். மாநகராட்சியென்றால் நகர்ப்புற சுகாதார நிலையம், அதற்கு மேல் மாநகர நல அலுவலர். அங்கன்வாடியென்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் ஒரு நகல். வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். போனில் சொன்னதோடு விடாதீர்கள். காப்பகத்தின் முகவரி, மொத்தப் பிள்ளைகள், நோய் கண்டவர்கள் எத்தனை பேர், முதல் பிள்ளைக்கு அறிகுறி தெரிந்த தேதி, என்ன அறிகுறி, தடுப்பூசி போடாதவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தடித்தால், அந்த நகலோடு கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். முத்திரை இல்லாத புகாரை யாரும் புகாராகவே மதிப்பதில்லை.

வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டும் போடுவது வீண். ஏன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கான பிறகும், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி 5 நாள் கழிந்த பிறகும்தான் பிள்ளையைத் திரும்பச் சேர்க்கலாம்.

கை, கால், வாய்க் கொப்புள நோய்க்கு சானிடைசரை நம்பாதீர்கள். அந்தக் கிருமியிடம் அது சரியாக வேலை செய்யாது. குணமான பிறகும் பல வாரம் மலத்தில் கிருமி வெளியேறும். கால் கழுவிவிடும் ஆயா சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். பொம்மை, மேசையைத் துடைக்க, 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் அன்றன்று கலந்தால் போதும். அதோடு ஆசிட் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசு நிலையங்களில் இலவசம். சேர்க்கையின்போதே தடுப்பூசி அட்டையைக் காப்பகம் கேட்க வேண்டும். கேட்காத காப்பகத்தை நீங்கள் கேளுங்கள். தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் ஒரு பிள்ளையே போதும். மற்ற நோய் இரண்டாவது பிள்ளைக்கும் வந்துவிட்டால், மூன்றாவதற்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.