இருளில் ஒளிரும் கண்ணாடி

விளக்கில்லாத இடத்திலும் கடிகார முட்கள் பச்சையாய் ஒளிர்வதை அன்பர்கள் கண்டிருப்பர். அவ்வொளியைக் கண்ணாடியின் உள்ளேயே பதித்துவிட இயலுமா? இயலும் என்று விஞ்ஞானிகள் காட்டியுள்ளனர். அது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முற்காலத்து ஒளி கொடியது. 1917ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்து ஆரஞ்சு நகரில் இளம் பெண்கள் ரேடியம் கலந்த வர்ணத்தைக் கடிகார முகப்புகளில் தீட்டிவந்தனர். தூரிகை முனையை உதட்டால் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உட்சென்ற ரேடியம் எலும்பில் தங்கிற்று. தாடை அழுகிப் பலர் மாண்டனர். வழக்குத் தொடுத்த ஐவருக்கு 1928இல் சமரசத்தின் பேரில் நஷ்டஈடு கிடைத்தது. இழந்த உடல்நலம் மீளவில்லை.

1993இல் ஜப்பானில் வேறொரு தூள் கண்டறியப்பட்டது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்னும் உலோகங்களைச் சிறிதளவு சேர்த்துச் செய்வது அது. அதில் கதிரியக்கம் இல்லை. சங்கத்தில் சிறுகச் சிறுகச் சேமித்ததை வேண்டும்போது எடுத்துக்கொள்வதுபோல, வெளிச்சத்தில் பெற்ற சக்தியை இருளில் பல மணி நேரம் பச்சை ஒளியாய் வெளியிடும். ஆயின் ஈரம் பட்டால் கெட்டுவிடும். கண்ணாடிக்குள் வைத்தால் ஈரம் அணுகாது.

இங்கேதான் சிக்கல். ஜன்னல் கண்ணாடியை உருக்கச் சுமார் 1,500 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். அதில் இட்ட தூள் கரைந்து ஒளியிழக்கும். பின்லாந்து நாட்டு டாம்பரே நகர ஆராய்ச்சியாளர்கள் குறைந்த உஷ்ணத்தில் உருகும் பாஸ்பேட் கண்ணாடியைக் கொண்டு இதற்கு வழி கண்டனர். முதலில் கண்ணாடியை மட்டும் நன்கு உருக்குவர். பின்னர் உஷ்ணத்தைத் தணித்துத் தூளைக் கலப்பர். சில நிமிஷங்களில் அச்சில் வார்ப்பர். உஷ்ணம் மிகுந்தால் தூள் கரையும். குறைந்தால் குழம்பு இறுகித் தூள் எங்கும் பரவாது. சாயத் தொட்டியின் பக்குவம் அறிந்த நம் நெசவாளருக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். வார்த்ததை மெல்ல மெல்ல ஆறவிடல் வேண்டும். இன்றேல் விரிசல் காணும்.

தூளின் தன்மை மாறினாலும் தொழிலாளியின் மூச்சு ஒன்றே. நுண்தூள் எதுவாயினும் அதைக் கையாள்வோர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் அவசியம். புதுத் தொழில் எதுவாயினும், அதன் வரவைக் கணக்கிடுமுன் அது செய்பவரின் உடலுக்கு என்ன செய்யும் என்று கேட்டறிவோமாக. ஆரஞ்சு நகரத்துப் பெண்களுக்காக அக்கேள்வியை உரிய காலத்தில் எவரும் கேட்கவில்லை.