நடுரோட்டில் நிற்கும் பழைய அம்பாசிடர்: கார்புரேட்டரில் கைவைக்கும் முன்பு கவனிக்க வேண்டியது என்ன?

மாப்பிள்ளை அழைப்புக்கு பூமாலை சுற்றி கிளம்பிய அம்பாசிடர் கார் பாதி வழியில் முக்கி முனகி நின்று விட்டால் டிரைவர் உடனே பானெட்டை திறக்கிறார். அடுத்து ஸ்குரூ டிரைவரோடு கை போவது கார்புரேட்டருக்குத்தான். தப்பு நடப்பதே அங்கேதான் என்கிறார்கள் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்குகள்.

மேற்கு வங்காள மாநிலம் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ம் ஆண்டு மே மாதம் நின்று போனது. பிரிமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்று விட்டது. ஆனாலும் கல்யாணம், படப்பிடிப்பு என்று வாடகைக்கு விட்டு பிழைப்பவர்களிடமும், "அப்பா வாங்கிய வண்டி" என்று விற்க மனம் இல்லாதவர்களிடமும் இந்த கார்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளில் வரும் கோளாறுகளை கண்டுபிடிக்கும் வழி வருமாறு:-

பெட்ரோலும் காற்றும்

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் முதலில் ஒரு சின்ன கிண்ணத்தில் வந்து நிற்கும். அதில் ஒரு மிதவை இருக்கும். கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே வந்து நீடில் வால்வை மூடி விடும். வீட்டு தண்ணீர் தொட்டியில் பந்து வால்வு மூடுவது போலத்தான் இது. அங்கிருந்து ஜெட் என்ற சின்ன ஓட்டை வழியாக பெட்ரோல் உறிஞ்சப்பட்டு காற்றோடு கலக்கிறது.

முதலில் பெட்ரோல், அடுத்து கரண்ட்

வண்டி நின்றதும் முதலில் பெட்ரோல் வாசனை வருகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் வேறு எதையும் சோதிக்க கூடாது. சாவியை ஆப் செய்து விட்டு தள்ளி நில்லுங்கள்.

ஒழுகல் இல்லை என்றால், கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் டேங்க், பில்டர், 'ஏ.சி. பம்ப்' ஆகியவற்றில்தான் கோளாறு. வெயில் காலத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக் கொள்வதும் உண்டு. பம்ப் மீது ஈரத்துணி சுற்றி, சூடு தணிந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பி விடும்.

பெட்ரோல் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் பாருங்கள். மிஸ்ஸிங் அடித்தாலே பலர் கார்புரேட்டரை கழற்றி விடுகிறார்கள். பாயிண்ட் கருகி இருந்தாலும் அதே மாதிரிதான் வண்டி குலுங்கும்.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கை கழற்றி பார்த்தால் பாதி விஷயம் தெரிந்து விடும். காபி பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாக போகிறது. வெளுத்து போய் இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை.

கறும்புகை வந்தால் சோக் பாதியில் சிக்கி இருக்கிறதா, ஏர் பில்டர் அடைத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அதற்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தம் இல்லை.

ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலில் நின்றால் ஆப் ஆகிறதா? ஐடிலிங் ஜெட்டில் தூசி அடைத்து இருக்கும். அல்லது கார்புரேட்டர் அடியில் உள்ள கேஸ்கட் வழியாக காற்று உள்ளே புகும்.

ஓவர் பிளோ ஆனால் நீடில் வால்வில் குப்பை சிக்கி இருக்கும். அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்து இருக்கும். மிதவையை காதருகே ஆட்டி பார்த்தால் சலசலப்பு கேட்கும்.

ஊசியால் குத்தாதீங்க

அடைத்த ஜெட்டை கம்பி, ஊசி வைத்து குத்த கூடாது. ஓட்டை பெரிதாகி விட்டால் மைலேஜ் அம்போதான். காற்று அடித்து சுத்தம் செய்தாலே போதும்.

ஐடிலிங் ஸ்குரூவை இன்ஜின் சூடான பிறகுதான் திருக வேண்டும். திருகும் முன்பு எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கடைசி வரை இறுக்கினால் முனை நசுங்கி, அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது.

எத்தனால் வந்த பிறகு

2025-ம் ஆண்டில் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீர் சேர்ந்து டேங்க் துரு பிடிக்கும். அந்த துருதான் கார்புரேட்டர் கிண்ணத்தில் வந்து படிகிறது.

பழைய ரப்பர் ஹோஸ்களும் இதில் ஊறி வெடிக்கின்றன. எத்தனாலை தாங்கும் ஹோஸ்களாக மாற்றி விடுவது நல்லது. வாரம் ஒரு முறையாவது வண்டியை ஓட்டி, பழைய பெட்ரோலை தீர்த்து விட வேண்டும்.

தீ ஜாக்கிரதை

அம்பாசிடரில் கார்புரேட்டரும், நெருப்பாக கொதிக்கும் சைலன்சர் மேனிபோல்டும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன. மேலே ஒழுகும் பெட்ரோல் நேராக சூட்டில் விழும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு பாட்டிலில் இருந்து கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கொண்டே செல்ப் அடிப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இன்ஜின் திருப்பி அடித்தால் நெருப்பு கையில் உள்ள பாட்டிலுக்கே தாவி விடும். இதை எந்த அவசரத்திலும் செய்ய கூடாது.

கார்புரேட்டரை கழற்றும் முன்பு இன்ஜின் ஆற வேண்டும். பேட்டரி வயரை எடுத்து விட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அணையாது, பரவத்தான் செய்யும். வாடகைக்கு ஓடும் வண்டியில் சின்ன தீயணைப்பு சிலிண்டர் ஒன்றை கட்டாயம் வைத்து இருக்க வேண்டும். பானெட் உள்ளே தீ தெரிந்தால் உடனே வண்டியில் இருப்பவர்களை இறக்கி விடுங்கள். பானெட்டை முழுசாக திறந்தால் காற்று புகுந்து தீ கொழுந்து விடும். 101-க்கு போன் செய்து விட்டு தூரமாக போய் விடுங்கள்.