டபள் கெப்புக்குப் பெரிய டயர்: ஓர் அங்குலத்துக்கு என்ன விலை?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கையிலிருக்கும் டபள் கெப்பையே பழுது பார்த்து, புதுப்பித்து ஓட்டும் பழக்கம் எமது வியாபாரிகள் மத்தியில் வலுத்துவிட்டது. புதுப்பிப்பு என்றவுடன் பலரின் கண் முதலில் போவது டயரில்தான். கம்பனி போட்டுத் தந்ததைக் கழற்றிவிட்டு, உயரமும் அகலமும் கூடிய, பல் பெருத்த காட்டுப்பாதை டயர்களைப் பூட்டுகிறார்கள். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குள் இறங்குபவருக்கும், கற்பிட்டியில் மணலில் ஓடுபவருக்கும், மலைநாட்டுத் தோட்டங்களில் மரக்கறி ஏற்றுபவருக்கும் இதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். அழகுக்காகப் போடுபவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அது அவருடைய பணம்.

ஆனால் தொழிலுக்கு ஓடும் வாகனத்தில் டயர் மாற்றுவது ஒரு முதலீடு. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது விலை, கூலி, கழிவு எல்லாவற்றையும் பார்க்கும் நாம், நான்கைந்து டயருக்கு இலட்சக் கணக்கில் கொடுக்கும்போது மட்டும் கராஜ் பாஸ் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிடுகிறோம். கடதாசியும் பேனையும் எடுத்தால் பத்து நிமிடத்தில் முடிகிற கணக்கு இது.

ஹைலக்ஸ் விகோ வகைகளில் பலவற்றுக்கு வரும் டயர் 255/70 ஆர் 15. இதில் 255 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது. 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அப்படியானால் பக்கச் சுவர் 178.5 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 357. றிம் 381. மொத்தம் 738 மி.மீ., அதாவது 29 அங்குலம். இதற்குப் பதிலாகப் பெரும்பாலும் கேட்டு வாங்கப்படுவது 31க்கு 10.5 ஆர் 15 என்ற அளவு. அதன் விட்டம் 31 அங்குலம், 787 மி.மீ. வித்தியாசம் 49 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்.

இரண்டு அங்குலம் என்று கேட்டவுடன் வாகனம் நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயரும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. அச்சு சில்லின் நடுவில் இருக்கிறது. எனவே டிபரன்ஷல் உயர்வது வித்தியாசத்தில் பாதிதான்: 24.5 மி.மீ., ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஸ்பிரிங்கின் கீழ் கட்டை வைத்தோ டோர்ஷன் பாரை முறுக்கியோ வாகனத்தின் உடம்பைத் தூக்கலாம். அது பின் டிபரன்ஷலை ஒரு மில்லிமீற்றரும் தூக்காது. கல்லில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். அந்த வகையில் பெரிய டயர் உண்மையான பலன் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்வி, அந்த ஓர் அங்குலத்துக்கு எதையெல்லாம் கொடுக்கிறோம் என்பதுதான்.

787ஐ 738ஆல் வகுத்தால் 1.066 வரும். சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் முன்பைவிட நூற்றுக்கு 6.6 வீதம் கூடுதலாக ஓடும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டயரின் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலாவது இழுவை. எல்லாக் கியரும் 6.6 வீதம் உயர்ந்ததற்குச் சமம். பாரத்தோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிய வாகனம் இரண்டாவதைக் கேட்கும். நெரிசலில் மேட்டில் நின்று புறப்படும்போது கிளச்சை அதிகம் வழுக்கவிட வேண்டிவரும், அதன் தட்டுச் சீக்கிரம் தேயும். டயர் தானே பாரம் கூடியது என்பதால் ஒவ்வொரு முறையும் அதைச் சுழற்றி எடுப்பதற்கும் இயந்திரம் கூலி கேட்கும். 33 அங்குலத்துக்குப் போகிறவர்கள் டிபரன்ஷலின் கிரவுண், பினியன் பற்சக்கரங்களை, முன்னும் பின்னும் இரண்டையும், மாற்றினால்தான் பழைய இழுவை திரும்பும். அந்தச் செலவை டயர்க் கடையில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது பிறேக். பிறேக் அதேதான், ஆனால் அது அடக்க வேண்டிய சில்லு பெரிது. அதே அழுத்தத்தில் மிதித்தால் நிலத்தில் கிடைக்கும் தடுப்பு ஏறத்தாழ ஆறு வீதம் குறையும். இறக்கத்தில் கியரைப் போட்டு இயந்திரத்தால் பிடிப்போமே, அந்தப் பிடியும் அதேயளவு தளரும். வெறும் வாகனத்தில் இது தெரியாமலும் போகலாம். சரக்கை ஏற்றிக்கொண்டு பெரகலை இறக்கத்தில் வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும்போது, சூடேறிய பிறேக்கில் அந்த ஆறு வீதம் தெரியும். மலைநாட்டுக்குப் போகும் வாகனமென்றால் பழக்கமான இறக்கங்களில் ஒரு கியர் குறைத்தே இறங்கும்படி உங்கள் சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, வியாபாரியின் பொக்கற்றுக்கு நேரடியாக வருவது: மீற்றர். வேக மீற்றரும் கிலோமீற்றர் எண்ணியும் சில்லின் சுற்றைத்தான் எண்ணுகின்றன, பாதையை அளப்பதில்லை. அதிவேகப் பாதையில் மீற்றர் 98 காட்டும்போது வாகனம் 104இல் ஓடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் மீற்றர்கள் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டுபவை என்பதால் இதில் ஒரு பகுதி சரிக்குச் சரியாகிவிடும். ஆனால் அதை நம்பி அபராதத்தை அழைக்கக் கூடாது. கிலோமீற்றர் எண்ணியின் விடயம் இன்னும் முக்கியமானது. வாகனத்தைக் கிலோமீற்றர் கணக்கில் வாடகைக்கு விடுபவர் மீற்றரில் 3,000 கிலோமீற்றரைக் கண்டு காசு வாங்குகிறார். வாகனம் ஓடியிருப்பதோ ஏறக்குறைய 3,200. மாதம் 200 கிலோமீற்றர் இலவச ஓட்டம்! 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுபவர் உண்மையில் 5,330இல் மாற்றுகிறார்.

டீசல் கணக்கிலும் இந்த மீற்றர் ஏமாற்றும். முன்பு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வாகனம் இப்போது 9 தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று போய்விட்டதே என்று தலையில் கைவைக்க வேண்டாம். மீற்றர் காட்டும் 9 என்பது உண்மையில் 9.6. நட்டம் நான்கு வீதம்தான். மாதம் உண்மையாக 3,000 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு இது 12 லீற்றருக்குச் சற்று மேல், வருடத்துக்கு 150 லீற்றர். பெற்றோல் ஷெட்டின் இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். தாங்கக்கூடியதா இல்லையா என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. இதெல்லாம் உதாரணத்துக்குச் சொன்ன எண்கள். உங்கள் வாகனத்தின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம்: கைத்தொலைபேசியின் வரைபடத்தில் 20 கிலோமீற்றர் ஓடிப் பார்த்து, மீற்றர் எவ்வளவு காட்டியது என்று குறித்துக்கொண்டால் போதும்.

இனிப் பாரம். பெரிய டயர் என்றால் பலமான டயர் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பக்கச் சுவரை வாசித்தால் வேறு கதை தெரியும். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அது பாரச் சுட்டெண். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 109 என்றால் 1,030 கிலோ. பார வாகனத்துக்கென்று செய்யப்பட்ட, அளவின் கடைசியில் 'சி' என்ற எழுத்து உள்ள 255/70 ஆர் 15 டயர்களில் 112 என்று காணலாம். ஆறு பிளை 31 அங்குல டயர்களில் பொதுவாக இருப்பது 109. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 180 கிலோ குறைவு, மூன்றரை மூட்டைச் சீமெந்து. பெரிதாகப் போட்டுவிட்டோமே என்று இன்னும் நான்கு மூட்டை ஏற்றுபவர் எதிர்த்திசையில் போகிறார். கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும், உங்கள் பழைய டயரில் உள்ள சுட்டெண்ணுக்குக் குறைந்ததைச் சரக்கு வாகனத்துக்கு வாங்காதீர்கள்.

கையில் பட்ட இன்னொரு நோய், பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் வாங்குவது. பல் நன்றாக இருக்கும், விலையும் பாதியாக இருக்கும். டயரின் வயது பல்லில் இல்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் கிடந்த றப்பர், பல் எவ்வளவு உயரமாக இருந்தாலும், பாரத்துக்கு ஆகாது.

பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்விக்கு வருவோம். 10.5 அங்குல அகல டயருக்கு றிம் குறைந்தது 7 அங்குல அகலம் வேண்டும். ஒல்லியான றிம்மில் பூட்டினால் நடுப்பகுதி புடைத்து, நடு மட்டும் தேயும். உள்ளே உரசுகிறது என்று றிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் போடுவது சுலபமான வழியாகத் தெரியும். சில்லு வெளியே போகப் போக பெயாரிங்குக்கும் போல் ஜொயின்ற்றுக்கும் நெம்பு விசை கூடும். மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பொலிஸாரின் கண்ணிலும் படும். 2025 ஜனவரியிலிருந்து வாகனங்களில் செய்யப்பட்ட மாற்றங்களை அவர்கள் எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதைப் பாதையில் ஓடியவர்கள் அறிவார்கள்.

நால்சில்லு இழுவை உள்ள வாகனத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பணத்தை மிச்சப்படுத்தப் பின்னால் மட்டும் இரண்டு பெரிய டயர் போட்டு ஓடும் கெப்புகளைக் காண்கிறோம். பெரும்பாலான கெப்புகளில் நால்சில்லுக் கியரைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்றில் பூட்டப்படுகின்றன. முன்சில்லு ஓர் அளவும் பின்சில்லு வேறு அளவுமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்பர் பெட்டி முறுகும். அதன் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் மிச்சம் பிடித்த இரண்டு டயரின் விலை ஒன்றுமில்லை. ஆகவே வாங்குவதென்றால் நான்கல்ல, ஐந்து வாங்க வேண்டும். ஐந்தாவது டயர் கெப்பின் அடியில் பழைய இடத்தில் உட்காருமா என்பதையும் காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டும்.

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. வாகனத்தில் செய்யும் முக்கிய மாற்றத்தைக் கம்பனிக்கு அறிவிப்பது காப்புறுதி பெற்றவரின் கடமை. அறிவிக்காமல் விட்டால் விபத்து நேரும் நாளில் நட்டஈட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அது அவர்களுக்கு ஒரு காரணமாகும். தொலைபேசியில் சொல்லி ஏஜன்ற் தலையாட்டியது கணக்கில் வராது. டயர் அளவை எழுதிக் கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விபரத்துக்கு இது மாறுபடுகிறதா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

இவ்வளவும் சொன்னபின் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தில், சரக்கு ஏற்றும் கெப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உயரமான டயர் அல்ல, பொருத்தமான பல். அதே 255/70 ஆர் 15 அளவில் ஏ.டி. எனப்படும், தார்ப்பாதைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயரைப் போட்டால் வயல் வரம்பிலும் செம்மண் பாதையிலும் பிடி கிடைக்கும், மேலே சொன்ன கணக்கெதுவும் மாறாது. எம்.டி. எனும் சேற்று டயர் நாள் முழுக்கச் சேற்றில் கிடப்பவருக்குத்தான். ஈரமான தார்ப்பாதையில் அது பிந்தி நிற்கும், சத்தமும் கூட. 17 அங்குல றிம் உள்ளவர்கள் 265/65இலிருந்து 265/70க்குப் போகலாம். 776 மி.மீ. விட்டம் 803 ஆகும். வித்தியாசம் 3.4 வீதம், உயர்வு 13 மி.மீ. இது பெரும்பாலும் எதையும் வெட்டாமல், தூக்காமல் பொருந்தும்.

மணலில் புதைபவருக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது. வெறும் வாகனத்தில் 32 பீ.எஸ்.ஐ. காற்றை 18 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, மணலில் மிதந்து போகும். பெரிய டயரை முழுக் காற்றோடு ஓட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும், செலவு ஒரு சிறிய காற்றுப் பம்பி மட்டுமே. ஆனால் இறக்கிய காற்றோடு வேகம் கூடாது, பாரம் கூடாது, தார்ப்பாதையில் ஏறுமுன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும்.

இல்லை, எனக்கு 31 அங்குலம்தான் வேண்டும் என்பவர் கடையில் ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். ஐந்தையும் பூட்டுமுன் முன்பக்கம் ஒன்றை மட்டும் பூட்டச் சொல்லுங்கள். வாகனத்தில் வழக்கமான பாரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, அந்தச் சில்லை ஒரு கட்டையில் ஏற்றிப் பாருங்கள். பிறகு மற்றப் பக்கம் ஒடித்துப் பாருங்கள். வெறும் வாகனத்தை நேராக நிறுத்திவிட்டு உரசவில்லையே என்று காட்டுவது சோதனை ஆகாது. மட்காட்டின் உட்பக்கமோ சட்டமோ உரசினால் வெட்டிச் சரிப்படுத்தும் செலவு யாருடையது என்பதை அப்போதே பேசி, பில்லில் எழுதிக்கொள்ளுங்கள்.